ரஷ்யாவின் இரண்டு கிழக்குகள்

ரஷ்யா கிழக்கைச் சார்ந்ததா, மேற்கைச் சார்ந்ததா என்ற கேள்வியை ரஷ்யச் சிந்தனையாளர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக எழுப்பி வருகின்றனர். அதற்கு எழுதப்பட்ட விடைகள் ஏராளம்; ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை, 'கிழக்கு' என்ற சொல் ரஷ்ய வரலாற்றில் இரு வேறு உலகங்களைக் குறிக்கிறது என்பதைக் கருதாமலேயே வாதத்தைத் தொடங்கிவிடுகின்றன. ஒன்று, கான்ஸ்டான்டிநோப்பிளைத் தலைநகராகக் கொண்டு கிரேக்க மொழியில் இறைவனைத் தொழுத பைசாந்தியப் பேரரசின் கிழக்கு. கிழக்குத் திருச்சபை, கீழை மரபு என்று சமய வரலாற்றாசிரியர்கள் கூறும்போது குறிப்பது இதனையே. மற்றொன்று, வோல்கா ஆற்றங்கரையில் தொடங்கி மங்கோலியா வரை விரிந்து கிடக்கும் புல்வெளிகளின் கிழக்கு. துருக்கிய மொழிகளும் குதிரைப்படைகளும், பின்னாளில் இஸ்லாமும் பௌத்தமும் வேர்விட்ட நிலம் அது. முதலாவது ரஷ்யாவுக்குச் சமயத்தையும் எழுத்தையும் ஓவியத்தையும் வழங்கியது. இரண்டாவது வரிவிதிப்பு, அஞ்சல், கருவூலம் முதலிய ஆட்சிக் கூறுகள் பலவற்றை விட்டுச் சென்றது. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்து மேற்கின் எதிர்த்தட்டில் வைத்து நிறுத்தியதால் விளைந்த குழப்பமே ரஷ்ய அடையாள விவாதத்தின் பெரும்பகுதி என்று கூறலாம்.

முதற்கிழக்கின் வருகையை மரபு 988ஆம் ஆண்டில் வைக்கிறது. கீவ் நகரத்து இளவரசர் விளாதிமிர் இஸ்லாமியர், யூதர், இலத்தீன் கிறிஸ்தவர், கிரேக்கர் ஆகியோரின் சமயங்களை ஒப்பிட்டறிந்து, இறுதியில் கிரேக்கரின் வழிபாட்டழகில் மனம் தோய்ந்து அதனை ஏற்றார் என்று, கீவை மையமாகக் கொண்ட பழைய ரூஸ் நாட்டு வரலாற்றேடு கூறுகிறது. பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசிலின் தங்கை அன்னாவை அவர் மணந்ததும், அத்திருமணத்தின் பின்னிருந்த படைத்துணை ஒப்பந்தமும் இம்முடிவில் பெரும்பங்கு வகித்தன என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயமில்லை. (இந்தக் கீவ் இன்று உக்ரைனின் தலைநகர் என்பதும், அந்தத் திருமுழுக்கை உக்ரைனியரும் பெலாருசியரும் ரஷ்யரும் தத்தம் தொடக்கமாகவே போற்றுகின்றனர் என்பதும் இக்கட்டுரை முழுவதும் நினைவில் இருத்தப்பட வேண்டியவை.) ஆயினும் திருமணத்தைவிட ஆழமான விளைவுகளை உண்டாக்கியது மொழி. 9ஆம் நூற்றாண்டில் சிரில், மெத்தோடியஸ் என்ற கிரேக்க உடன்பிறப்புகள் ஸ்லாவிய மக்களுக்காக எழுத்துமுறை ஒன்றை வகுத்து மறைநூல்களை மொழிபெயர்க்கத் தொடங்கினர். பல்கேரியாவில் வளம்பெற்ற அந்த மொழிபெயர்ப்புகளே கீவை வந்தடைந்தன. இவ்வாறு உருவான வழிபாட்டு மொழி 'திருச்சபை ஸ்லாவியம்' எனப்படுகிறது. மக்கள் தங்களுக்கு ஓரளவு புரியும் மொழியில் இறைவனை வணங்கும் பேறு அதனால் வாய்த்தது. அதே வேளையில், மேற்கில் ஒரு குரு இலத்தீனைக் கற்றபோது வேதத்துடன் சிசரோவும் வெர்ஜிலும் அவருக்குத் தாமே திறந்ததைப் போன்ற வாய்ப்பு ரூஸ் நாட்டுக் குருவுக்குக் கிட்டவில்லை; கிரேக்கம் கற்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் கிரேக்கரின் தத்துவமும் அறிவியலும் அவரை எட்டவில்லை. இதனை வலியுறுத்திய 20ஆம் நூற்றாண்டுச் சமய வரலாற்றாசிரியர் கியோர்கி ஃபெதோதவின் கருத்து முற்றிலும் மறுக்கத்தக்கதன்று. ரஷ்யா பைசாந்தியத்தின் வழிபாட்டைப் பெற்றது, அதன் நூலகத்தைப் பெறவில்லை.

இரண்டாவது கிழக்கு வாளோடு வந்தது. 1237 முதல் 1240 வரை மங்கோலியப் படைகள் ரூஸ் நகரங்களை ஒவ்வொன்றாக அழித்தன. 1240 டிசம்பரில் கீவ் வீழ்ந்தது. அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் வடகிழக்கு ரூஸ் சிற்றரசுகள் 'பொற்கூடாரம்' எனப்பட்ட மங்கோலிய ஆட்சிக்குத் திறை செலுத்தின. மக்களை வரியால் கசக்கிய அதே ஆட்சி திருச்சபைக்கு வரிவிலக்கு அளித்ததை வரலாற்றின் ஓரத்தில் ஒதுக்கிவிட இயலாது. 1267இல் மெங்கு திமூர் கான் வழங்கிய ஆணைப் பட்டயம் குருமார்களுக்கு வரியிலிருந்து விடுதலை தந்தது. 1261இலேயே கானின் தலைநகரான சராயில் மரபுவழித் திருச்சபையின் ஆயர் பீடம் அமைந்திருந்தது. அதே காலத்தில் மேற்கிலிருந்து சிலுவைப்போர் வீரர்களான ஜெர்மானியர் படையெடுத்து வந்தனர். இளவரசர் அலெக்சாந்தர் நேவ்ஸ்கி அவர்களை 1242இல் பெய்ப்புஸ் ஏரியில் எதிர்த்துப் போரிட்டார், கானிடமோ தலைவணங்கினார். உடலைக் கேட்டவனுக்கு வரி கொடுப்பது, நம்பிக்கையையே மாற்றக் கேட்டவனை எதிர்ப்பது என்ற இத்தேர்வு பின்வந்த பல நூற்றாண்டுகளின் ரஷ்ய மனப்பாங்கை முன்கூட்டியே காட்டுகிறது.

புல்வெளியின் தடம் ரஷ்ய மொழியில் இன்றும் அழியாமல் இருக்கிறது. பணத்தைக் குறிக்கும் 'தெங்கி', சுங்கச்சாவடியைக் குறிக்கும் 'தமோழ்னியா' ஆகியவை துருக்கிய மூலம் கொண்டவை. அரசுக் கருவூலத்தைக் குறிக்கும் 'கஸ்னா' அரபு மொழியிலிருந்து துருக்கியம் வழியாக மாஸ்கோ சென்றது. அதே அரபுச் சொல் பாரசீகம் வழியாகத் தமிழுக்கு வந்து 'கஜானா' ஆனது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தக்காணத்துப் பீதர் நகரம் வரை பயணம் செய்த த்வேர் நகரத்து வணிகர் அஃபனாசி நிகீத்தின், இந்த இரண்டாவது கிழக்கை ஒரு ரஷ்யர் எவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்க முடியும் என்பதற்குச் சான்று. வழியில் நடந்த கொள்ளையில் தம் சமய நூல்களை இழந்த அவர், நோன்பு நாள்களையும் திருநாள்களையும் கணக்கிட வழியின்றித் தவித்ததைத் தம் பயணக் குறிப்பில் திரும்பத் திரும்ப எழுதுகிறார். ரஷ்ய மொழியில் தொடங்கும் அக்குறிப்பு அரபும் பாரசீகமும் துருக்கியமும் கலந்த இறைவேண்டலில் முடிகிறது. அவர் மதம் மாறினாரா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகின்றனர். தனிமையில் இறைவனை அழைக்க அந்த வணிகரின் நாவில் எழுந்த மொழி எது என்பதே அக்குறிப்பில் நெஞ்சைத் தொடும் செய்தி.

மாஸ்கோ தனிப்பேரரசாக எழுந்த காலத்தில் முதற்கிழக்கே வீழ்ந்துவிட்டது. துருக்கியரின் நெருக்குதலுக்கு ஆளான பைசாந்தியம், 1439இல் ஃபுளோரன்ஸ் நகரில் கூடிய சங்கத்தில் போப்பாண்டவரின் தலைமையை ஏற்று இணைய இசைந்தது. அவ்விணைப்பை ஏற்றுத் திரும்பிய பேராயர் இசிதோரை மாஸ்கோ விலக்கியது. 1448இல் ரஷ்ய ஆயர்கள் கான்ஸ்டான்டிநோப்பிளின் இசைவின்றித் தாங்களே யோனாவைப் பேராயராகத் தேர்ந்தனர். ஐந்தாண்டுகளில் கான்ஸ்டான்டிநோப்பிளும் வீழ்ந்தபோது, கிரேக்கர் நம்பிக்கையில் தவறியதால் தண்டிக்கப்பட்டனர் என்ற எண்ணம் மாஸ்கோவில் வேரூன்றியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிஸ்கோவ் நகரத் துறவி ஃபிலொஃபேய், இரு ரோமாபுரிகள் வீழ்ந்தன, மாஸ்கோவே மூன்றாவது ரோமாபுரி என்ற கருத்தைத் தம் மடல்களில் முன்வைத்தார். இன்று அரசியல் மேடைகளில் இக்கருத்து உலகாளும் கனவாக எடுத்தாளப்படுகிறது. அத்துறவியின் மடலிலோ அது, கடைசிக் காவலரும் தவறினால் இனி ஒருவரும் இல்லை என்ற அச்சத்தோடு கூடிய எச்சரிக்கையாகவே அமைந்திருக்கிறது. அம்மடல்கள் 19ஆம் நூற்றாண்டில் அச்சேறிய பின்னரே கற்றோரிடையே பெரும்புகழ் பெற்றன.

அந்த மூன்றாவது ரோமாபுரியின் கற்களை அடுக்கியவர் யார் என்று பார்த்தால் 'மேற்கு' என்ற சொல்லும் தடுமாறுகிறது. கடைசிப் பைசாந்தியப் பேரரசரின் தம்பி மகள் சோஃபியா பலயலோகாவை மூன்றாம் இவான் 1472இல் மணந்தார்; சோஃபியாவோ ரோமாபுரியில் போப்பாண்டவரின் பாதுகாப்பில் வளர்ந்தவர். கிரெம்ளினில் எழுந்துகொண்டிருந்த உஸ்பென்ஸ்கி பேராலயத்தின் சுவர்கள் 1474இல் இடிந்து விழுந்தபோது, அதனை மீண்டும் கட்ட இத்தாலியின் பொலோனியா நகரத்துப் பொறியாளர் அரிஸ்தோத்தலே ஃபியொரவந்தி அழைத்துவரப்பட்டார். பழைய விளாதிமிர் நகருக்குச் சென்று அங்குள்ள 12ஆம் நூற்றாண்டுப் பேராலயத்தைப் பார்த்து அதனைப் போல் கட்ட வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அவர் அடித்தளத்தை ஆழமாக்கினார். உறுதியான செங்கல் சுட்டார். சுவர்களை இரும்புக் கம்பிகளால் பிணைத்தார். 1479இல் ஐந்து குவிமாடங்களோடு பேராலயம் நிறைவெய்தியது. ஜார் மன்னர்கள் முடிசூடிய அக்கட்டடத்தின் உருவம் விளாதிமிருக்குரியது, கணக்கு பொலோனியாவுக்குரியது.

ரஷ்யாவின் பெரும்பிளவை முதலாம் பீட்டரின் மேலைமயமாக்கத்தோடு தொடங்குவது பாடநூல் வழக்கம். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே பிளவு நேர்ந்துவிட்டது. அதற்கு மேற்கு காரணமன்று, முதற்கிழக்கே காரணம். 1652இல் ரஷ்யத் திருச்சபையின் தலைவராகிய பத்ரியார்க் பதவியேற்ற நிக்கோன், ரஷ்ய வழிபாட்டு முறைகள் சமகாலக் கிரேக்கரின் முறைகளிலிருந்து வேறுபடுவதைக் கண்டு அவற்றைத் திருத்த முனைந்தார். 1653ஆம் ஆண்டு தவக்காலத்துக்கு முன் அவர் அனுப்பிய சுற்றோலை, இனி சிலுவை அடையாளத்தை மூன்று விரல்களால் இட வேண்டும் என்று ஆணையிட்டது. அதுவரை ரஷ்யர்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி, எஞ்சிய மூன்றையும் மடக்கிச் சேர்த்து நெற்றியில் வைத்தனர். நீட்டிய இரண்டு விரல்கள் கிறிஸ்துவின் இறையியல்பையும் மனித இயல்பையும், சேர்ந்த மூன்றும் திரித்துவத்தையும் உணர்த்தின. புதிய முறையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் குவிந்து திரித்துவத்தையும், உள்ளங்கையில் மடிந்த இரண்டும் கிறிஸ்துவின் இரு இயல்புகளையும் உணர்த்துகின்றன. கொள்கை ஒன்றே, கையின் அமைப்பு மட்டுமே இடம் மாறியது. ஆயினும் 1551இல் கூடிய 'நூறு அதிகாரச் சங்கம்' இரு விரல்களால் சிலுவையிடாதோரைச் சபித்திருந்தது. பாட்டனும் பூட்டனும் அந்தக் கையோடு செபித்து, அந்தக் கை மார்பில் மடிந்த நிலையில் அடக்கமும் பெற்றிருந்தனர். அந்தக் கை தவறு என்றால் அவர்களுடைய மீட்பு என்னவாயிற்று என்ற கேள்வி எளிய உழவர் ஒவ்வொருவரையும் நேரே சென்று தாக்கியது.

விரலோடு திருத்தம் நிற்கவில்லை. 'அல்லேலூயா' இருமுறைக்குப் பதில் மும்முறை ஆனது. இயேசுவின் பெயரில் ஓர் எழுத்து கூடியது. ஆலயத்தைச் சுற்றிவரும் பவனி கதிரவன் செல்லும் திசையிலிருந்து எதிர்த்திசைக்கு மாறியது. விசுவாச அறிக்கையில் 'ஆனால்' என்ற பொருள்படும் 'அ' என்னும் ஓரெழுத்துச் சொல் நீக்கப்பட்டது. அந்த ஓரெழுத்துக்காக உயிர்விடவும் ஆயத்தமாக இருந்தோர் பலர். 1666–67இல் கீழைத் திருச்சபைத் தலைவர்கள் இருவர் முன்னிலையில் கூடிய பெருஞ்சங்கம், நிக்கோனைப் பதவி நீக்கியபோதும் அவருடைய திருத்தங்களை உறுதிசெய்து, பழைய முறையை விடாதோரைச் சபித்தது. 1551ஆம் ஆண்டுச் சங்கத்தின் தீர்ப்பை அறியாமையின் விளைவு என்று ஒதுக்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சபை வரலாற்றாசிரியர்களான நிக்கொலாய் கப்தெரெவும் எவ்கேனி கொலுபின்ஸ்கியும் நிகழ்த்திய ஆய்வுகள் இத்துயரத்தின் முழு அளவை வெளிப்படுத்தின. இரு விரல் வழக்கமே கிரேக்கரிடமிருந்து ரூஸ் பெற்ற பழைய வழக்கம். காலப்போக்கில் மாறியவர்கள் கிரேக்கரே. அதோஸ் மலையிலிருந்து ஏறத்தாழ 500 பழஞ்சுவடிகள் மாஸ்கோவுக்குக் கொணரப்பட்டிருந்தும், திருத்தத்துக்குப் பெரிதும் பயன்பட்டவை மேற்கில், வெனிஸ் நகரில் அச்சான கிரேக்கப் புத்தகங்கள். தூய கிழக்கைத் தேடிச் சென்றவர்கள், தம் கையிலேயே அது இருப்பதை அறியாமல் அதனைத் தண்டித்தனர். ரஷ்ய வரலாற்றில் இதனினும் வேதனை தரும் பிழை வேறொன்று இருப்பதாகக் கூற இயலவில்லை.

பழைய முறையைக் கைவிடாதோர் 'பழஞ்சடங்கினர்' எனப்பட்டனர். எதிர்த்தோர் அவர்களைப் பிளவு என்று பொருள்படும் 'ரஸ்கோல்' என்ற சொல்லிலிருந்து 'ரஸ்கோல்நிக்' என்றனர். 'குற்றமும் தண்டனையும்' நாவலின் ரஸ்கோல்நிகோவ் பெயரில் ஒலிப்பது இந்தப் பிளவே. அவர்களின் தலைவரான அவ்வாகூம் குரு வடகடல் ஓரத்துப் புஸ்தஸியோர்ஸ்க் கோட்டையில் ஆண்டுக்கணக்கில் நிலவறைச் சிறையில் கிடந்து 1682இல் எரிக்கப்பட்டார். நிலவறையில் அவர் எழுதிய தன்வரலாறு திருச்சபை ஸ்லாவியத்தின் மிடுக்கைத் துறந்து, தெருவிலும் அடுக்களையிலும் வழங்கிய பேச்சு ரஷ்யத்தில் ஓடுகிறது; பழமையைக் காக்க நின்றவரின் எழுத்திலிருந்தே புதிய உரைநடை பிறந்தது. அவருடைய பக்தையாகிய மொரோசவா சீமாட்டி பட்டினியால் இறந்தார். வாசிலி சூரிக்கவ் 1887இல் தீட்டிய ஓவியத்தில், பனிவண்டியில் சங்கிலியோடு இழுத்துச் செல்லப்படும் அவர் உயர்த்திப் பிடிக்கும் கையில் இரண்டு விரல்கள் நீண்டிருக்கின்றன. மாஸ்கோ திருச்சபை பழஞ்சடங்கினர் மீதான சாபத்தை 1971இல்தான் நீக்கியது.

பீட்டரின் பணிகள் பரவலாக அறியப்பட்டவை: தாடிக்கு வரி, 1700 ஜனவரி முதல் புதிய ஆண்டுக்கணக்கு, 1703இல் பீட்டர்ஸ்பர்க். அடையாள வரலாற்றில் இவற்றைவிட ஆழமானது 1721ஆம் ஆண்டு மாற்றம். பத்ரியார்க் பதவியை ஒழித்துவிட்டு, சீர்திருத்தத் திருச்சபை நாடுகளின் முன்மாதிரியைத் தழுவி, அரசு அலுவலர் ஒருவரின் கண்காணிப்பில் இயங்கும் 'சினோட்' என்ற குழுவைப் பீட்டர் திருச்சபையின் தலைமையில் அமர்த்தினார். அதற்கான சட்டத்தை வரைந்த ஃபெயொஃபான் புரொகபோவிச் கீவ் கல்விக்கழகத்தில் இலத்தீன் வழியில் பயின்றவர்; அக்கல்விமுறையே ரஷ்யக் குருமடங்கள் எங்கும் பரவியது. 18ஆம் நூற்றாண்டு முழுவதும் ஒரு ரஷ்ய குருமாணவர் ஆலயத்தில் ஸ்லாவியத்தில் செபித்து, வீட்டில் ரஷ்யம் பேசி, இறையியலை இலத்தீனில் மனப்பாடம் செய்தார். தம் நம்பிக்கையை விளக்க அந்நியச் சட்டகத்தையே நம்பியிருந்த அந்நிலையை இறையியலாளர் கியோர்கி ஃபுளரோவ்ஸ்கி தம் 1937ஆம் ஆண்டு நூலில், பாறையின் அச்சில் படிந்து பொய்வடிவம் பெறும் கனிமத்துக்கு ஒப்பிட்டார்.

இத்தகைய கல்வியில் வளர்ந்த நாட்டில் 1836இல் பியோத்தர் சாதயேவின் தத்துவ மடல் வெளியானது. ரஷ்யா கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை, மானுடத்துக்கு எதையும் வழங்கவுமில்லை என்று அம்மடல் அறைந்து கூறியது. அதுவும் பிரெஞ்சு மொழியில் எழுதி மொழிபெயர்க்கப்பட்ட மடல். ஜார் முதலாம் நிக்கலாய் அவரைப் பித்தர் என்று அறிவித்து மருத்துவக் கண்காணிப்பில் வைத்தார். விடையளிக்க எழுந்த 'ஸ்லாவிய நேயர்' அணியின் முன்னோடி இவான் கிரெயெவ்ஸ்கியின் வாழ்க்கை, இந்த விவாதம் முழுவதையும் தன்னுள் அடக்கியது. ஜெர்மனியில் ஹெகல், ஷெல்லிங் ஆகியோரின் வகுப்புகளில் அமர்ந்தவர் அவர். 1832இல் 'ஐரோப்பியர்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கி, இரண்டு இதழ்களுக்குப் பின் அரசின் தடைக்கு ஆளானவர். திருமணத்துக்குப் பின் அவர் தம் மனைவியோடு ஷெல்லிங்கைப் படித்தபோது, இக்கருத்துகளைத் திருச்சபைத் தந்தையரின் நூல்களில் முன்பே படித்திருப்பதாக மனைவி கூறினார் என்று அவர்களின் நண்பர் எழுதி வைத்திருக்கிறார். அதன்பின் கிரெயெவ்ஸ்கி ஓப்தினா மடாலயத்து முதுதுறவியரை நாடிச் சென்று, அத்தந்தையரின் நூல்களைப் பதிப்பிப்பதில் தம் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டார். 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலின் முதுதுறவி சோசிமாவுக்கு முன்மாதிரி தந்த மடாலயமும் அதுவே. அங்கே தழைத்த முதுதுறவியர் மரபைப் புதுப்பித்தவரோ, உக்ரைனின் பொல்தாவாவில் பிறந்து, அதோஸ் மலையில் துறவு பயின்று, மால்தாவியாவில் மறைந்த பயீசி வெலிச்கோவ்ஸ்கி. ரஷ்ய ஆன்மாவின் உட்கருவாக உலகம் போற்றும் ஒன்று எத்தனை நாடுகளின் மண் தாங்கி வந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

லெவ் தல்ஸ்தோய் இவ்வணிகள் எதிலும் அடங்கவில்லை. கசான் பல்கலைக்கழகத்தில் கீழைமொழித் துறையில் சேர்ந்து படிப்பைத் தொடங்கியவர். 1901இல் சினோட்டால் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். 1908இல் அவர் எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' வன்முறை மறுப்புக்குச் சான்றாகத் திருக்குறளின் 'இன்னா செய்யாமை' அதிகாரத்தை எடுத்தாள்கிறது. காந்தி அதனைக் குஜராத்தியில் பெயர்த்து வெளியிட்டார். புல்வெளிக்கும் பைசாந்தியத்துக்கும் அப்பால் மூன்றாவது கிழக்கு ஒன்றைத் தேடிய அவரை, மேலைச் சீர்திருத்த வடிவில் அமைந்த ஒரு குழுவே மரபின் பெயரால் வெளியேற்றியது.

புரட்சிக்குப் பின் நாடிழந்த அறிஞர்களான நிக்கொலாய் த்ருபெத்ஸ்கோயும் பியோத்தர் சவீத்ஸ்கியும் 1921இல் சோஃபியா நகரில் 'கிழக்கு நோக்கிய வெளியேற்றம்' என்ற தொகுப்போடு யூரேசியவாதத்தைத் தொடங்கினர். செங்கிஸ்கானின் பேரரசு ரஷ்ய அரசின் உண்மையான தாய் என்றும், அதனை மரபுவழிக் கிறிஸ்தவம் உயிர்ப்பித்தது என்றும் அவர்கள் வாதிட்டனர். புல்வெளி மக்களை இழிவாகக் கருதிய நூற்றாண்டுகளின் செருக்கை அவர்கள் உடைத்தது பெரும் தொண்டு. எனினும் இரு கிழக்குகளையும் ஒன்றாக உருக்கியது வரலாற்றுக்கு ஒவ்வாதது. 1552இல் தாத்தாரியரின் கசானை வென்ற மாஸ்கோ அவ்வெற்றிக்கு நன்றியாகவே செஞ்சதுக்கத்தில் புனித பசில் ஆலயத்தை எழுப்பியது. தாத்தாரியர் அதனைத் தங்கள் வீட்டு வெற்றியாக எண்ணியதில்லை. யூரேசியத் தொகுப்பில் எழுதிய ஃபுளரோவ்ஸ்கியே, நிலவியல் நம்பிக்கையின் இடத்தைப் பிடிப்பதைக் கண்டு அவ்வணியிலிருந்து விலகினார். அந்தக் கலவையே இன்று 'நாகரிக அரசு' என்ற முழக்கத்தில் மீண்டும் ஒலிக்கிறது. 1448இல் கான்ஸ்டான்டிநோப்பிளின் இசைவின்றித் தனித்து நின்ற மாஸ்கோ, உக்ரைனியத் திருச்சபைக்குத் தன்னுரிமை வழங்கக் கான்ஸ்டான்டிநோப்பிள் முனைந்ததைக் கண்டித்து 2018 அக்டோபரில் அதனோடு உறவை முறித்துக்கொண்டது. 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது தொடுத்த போருக்கு மாஸ்கோ பத்ரியார்க் ஆதரவு அளித்தபின், விளாதிமிரின் திருமுழுக்கை ஒன்றாகக் கொண்டாடியோர் ஒரே பலிபீடத்தை அணுக இயலாதவர்களாயினர்.

1551ஆம் ஆண்டுச் சங்கம் விரல்களைப் பற்றித் தீர்ப்பளித்ததோடு ஓவியர்களுக்கும் ஓர் ஆணை இட்டது: திருவுருவங்களைக் கிரேக்கர் தீட்டியவாறும் அந்திரேய் ருப்லியோவ் தீட்டியவாறும் தீட்டுக. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருப்லியோவ் வரைந்த 'திரித்துவம்' காலப்போக்கில் ஜார் மன்னர்களின் காணிக்கையான பொற்கவசத்துக்குள் மறைந்தது. முகங்களும் கைகளும் மட்டுமே தெரிந்தன. மேலைப்பாணி ஓவியமே கலை என்று கற்றோர் கருதிய காலத்தில், நிக்கோனுக்கு முந்தைய திருவுருவங்களைத் தேடித்தேடிக் காத்தவர்கள் பழஞ்சடங்கினரே; அவர்களின் ஆலயங்களிலும் இல்லங்களிலும்தான் அவை உயிரோடு இருந்தன. 1904இல் வாசிலி குர்யானவ் கவசத்தை அகற்றி, பிற்காலப் பூச்சுகளைச் சுரண்டி எடுத்தபோது, நடுவில் அமர்ந்த வானதூதரின் மேலாடையில் எவரும் எதிர்பாராத நீலம் வெளிப்பட்டது. 1911இல் மாஸ்கோ வந்த பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் இத்தகைய பழந்திருவுருவங்களின் முன் வியந்து நின்றார். பாரீஸ் வியந்த பின்னரே தலைநகரத்துக் கற்றோர் பலர் அவற்றைக் கலையாகப் பார்க்கத் துணிந்தனர். குர்யானவ் தாமும் சில இடங்களில் வண்ணம் தீட்டியே படத்தை மீண்டும் கவசத்துக்குள் வைத்தார். அவ்வண்ணத்தை 1918இல், இறைமறுப்பு ஆட்சியின் கீழ், இகோர் கிரபார் தலைமையிலான ஆணையம் அகற்றியது. 1929இல் அருங்காட்சியகத்துக்குச் சென்ற அப்படம் 2023இல் அரசுத் தலைவரின் முடிவால் திருச்சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. பலகையின் இணைப்புகள் இடப்பெயர்ச்சியைத் தாங்கா என்று அதனைப் பல்லாண்டு பேணிய வல்லுநர்கள் அப்போதும் எச்சரித்துக்கொண்டிருந்தனர்.